ஒரே இசை, ஒரே அட்டை... விலையில் மட்டும் நூறு மடங்கு வித்தியாசம்! பழைய ஜாஸ் ரெக்கார்டுகளின் 'லேபிள்' சொல்லும் கதை என்ன?

மேசை மேல் இரண்டு இசைத்தட்டுகள் இருப்பதாக வைத்துக்கொள்வோம். இரண்டுமே அமெரிக்க சாக்ஸபோன் கலைஞர் ஹேங்க் மோப்லியின் ஒரே ஆல்பம். 1957 ஜூன் மாதம் பதிவானது. வெளியிட்டது நியூயார்க்கின் 'ப்ளூ நோட்' நிறுவனம். அட்டைப் படம் ஒன்றுதான். உள்ளே இருக்கும் இசையும் ஒன்றுதான்.

ஆனால் ஒரு தட்டு பிற்கால மறுவெளியீடு. சில பத்து டாலர்கள் கொடுத்தால் கைக்கு வந்துவிடும். இன்னொன்றுக்கு சேகரிப்பாளர்கள் பல ஆயிரம் டாலர்களை எண்ணி வைக்கிறார்கள்.

வித்தியாசம் எங்கே இருக்கிறது? தட்டின் நடுவில் உள்ள வட்டக் காகிதத்தில். அதிலும் குறிப்பாக, அதன் கீழ் ஓரத்தில் பொடி எழுத்தில் அச்சாகியிருக்கும் ஒரு முகவரியில்.

ஒரு முகவரிக்கு இவ்வளவு மவுசா? அந்த முகவரியை மட்டும் நம்பி பணத்தைக் கொடுத்துவிடலாமா? விரிவாகப் பார்க்கலாம்.

லேபிளுக்கு ஏன் இவ்வளவு முக்கியத்துவம்?

பழைய புத்தகம் வாங்குபவர்கள் முதலில் எதைப் பார்ப்பார்கள்? 'முதற்பதிப்பு' எந்த ஆண்டு என்று முன்பக்கத்தைப் புரட்டுவார்கள். புத்தகத்தில் அது தெளிவாக அச்சாகியிருக்கும். முதற்பதிப்பு, இரண்டாம் பதிப்பு, மறுஅச்சு என எல்லாம் இருக்கும்.

பழைய இசைத்தட்டில் பெரும்பாலும் அப்படி எதுவும் இருக்காது. 1957ல் வெளியான ஆல்பத்தை 1960ல் மறுபடி அச்சடித்தால், அதில் '1960' என்று யாரும் போடவில்லை. 1967ல் அச்சடித்தாலும் போடவில்லை. அட்டையும் அதேதான், தட்டின் எண்ணும் அதேதான்.

ஆனால் அந்தந்தக் காலத்தில் நிறுவனத்தின் அலுவலகம் எங்கே இருந்ததோ, அந்த முகவரி லேபிளில் ஏறியது. அலுவலகம் மாறியது, முகவரி மாறியது. நிறுவனம் கைமாறியது, பெயரும் நிறமும் மாறின. இந்த மாற்றங்களைத்தான் சேகரிப்பாளர்கள் ஒரு காலண்டர் போலப் பயன்படுத்துகிறார்கள்.

ப்ளூ நோட்: யார் இவர்கள்?

ஆல்ஃபிரட் லயன், பெர்லினில் பிறந்த யூதர். 1938 டிசம்பர் 23 அன்று நியூயார்க்கின் கார்னகி ஹாலில் நடந்த ஒரு நிகழ்ச்சியில் ஆல்பர்ட் அம்மன்ஸ், மீட் லக்ஸ் லூயிஸ் என்ற இரண்டு பியானோ கலைஞர்களைக் கேட்டார். கேட்டவர் சும்மா இருக்கவில்லை. சரியாக இரண்டு வாரம் கழித்து, 1939 ஜனவரி 6 அன்று அந்த இருவரையும் ஸ்டூடியோவுக்கு அழைத்து வந்து பதிவு செய்தார். ப்ளூ நோட் நிறுவனம் பிறந்தது அப்படித்தான்.

தொடக்கத்தில் எழுத்தாளர் மேக்ஸ் மார்குலிஸ் அவருடன் இருந்தார். அதே ஆண்டின் பிற்பகுதியில் நாஜி ஜெர்மனியில் இருந்து தப்பி வந்த பால்ய நண்பர் ஃபிரான்சிஸ் உல்ஃப் சேர்ந்தார். இவர் புகைப்படக் கலைஞர். ப்ளூ நோட் அட்டைகளில் இன்றும் ரசிக்கப்படும் கறுப்பு வெள்ளைப் படங்கள் பெரும்பாலும் இவர் எடுத்தவை.

சின்ன நிறுவனம். கையிருப்பும் குறைவு. ஒரு ஆல்பத்தை முதலில் சிறு எண்ணிக்கையில் அச்சடித்து, விற்றால் மறுபடி அச்சடிப்பார்கள். முதல் அச்சுத் தட்டுகள் இன்று அரிதாக இருப்பதற்கு இதுதான் அடிப்படைக் காரணம்.

முகவரிகளின் வரிசை இதுதான்

1950களின் மத்தியில் ப்ளூ நோட் 12 அங்குல நீண்ட இசைத்தட்டுகளுக்கு மாறியது. அந்தத் தொடர் 1501 என்ற எண்ணில் தொடங்கியது. அதிலிருந்து லேபிள்கள் மாறிய விதத்தைச் சுருக்கமாகப் பார்ப்போம்.

* '767 லெக்சிங்டன் அவென்யூ': 12 அங்குலத் தொடரின் முதல் லேபிள். 1957 வாக்கில் அலுவலகம் இடம் மாறும் வரை இருந்தது. சேகரிப்பாளர்கள் செல்லமாக 'லெக்சிங்டன்' என்கிறார்கள்.

* '47 வெஸ்ட் 63': 1957ல் தொடங்கி 1962 வாக்கு வரை. இதற்குள்ளேயே பல வகைகள் உண்டு. பெரும்பாலானவற்றில் முகவரி 'என்.ஒய்.சி' என்று முடியும். இடையில் சில தட்டுகளில் 'நியூயார்க் 23' என்று முடியும். 1959 வாக்கில் நிறுவனப் பெயருடன் 'இன்க்' என்ற சொல்லும், வட்டத்துக்குள் 'ஆர்' என்ற பதிவுக் குறியும் சேர்ந்தன.

* 'நியூயார்க் யு.எஸ்.ஏ': 1962 வாக்கில் தெரு முகவரியே போய்விட்டது. ஊர், நாடு மட்டும்தான்.

* 'லிபர்ட்டி ரெக்கார்ட்ஸின் ஒரு பிரிவு': 1965ல் ப்ளூ நோட்டை கலிஃபோர்னியாவைச் சேர்ந்த லிபர்ட்டி நிறுவனம் வாங்கியது. 1966 முதல் லேபிளில் லிபர்ட்டியின் பெயர் ஏறியது.

* 'யுனைடெட் ஆர்ட்டிஸ்ட்ஸ்': 1970களில் இந்தப் பெயர் வந்தது. அந்தப் பத்தாண்டில் பழைய நீலம் வெள்ளைக் கலவை மறைந்து, முழு நீல லேபிள்களும் வந்தன.

அது என்ன 'நியூயார்க் 23'? அமெரிக்காவில் ஜிப் கோடு அறிமுகமானது 1963 ஜூலையில். அதற்கு முன் பெரிய நகரங்களை அஞ்சல் மண்டலங்களாகப் பிரித்து எண் கொடுத்திருந்தார்கள். மன்ஹாட்டனின் அந்தப் பகுதிக்கு எண் 23. பின்னாளில் அதுவே 10023 என்ற ஜிப் கோடு ஆனது. தபால்காரருக்காகப் போட்ட ஒரு எண், இன்று ஏலத்தில் விலையைத் தீர்மானிக்கிறது!

'பழைய முகவரி இருந்தால் அசல்' என்பது சரியா?

இல்லை. பலர் ஏமாறுவது இந்த இடத்தில்தான்.

ஒவ்வொரு ஆல்பத்துக்கும் அது வெளியான காலத்துக்குரிய லேபிள்தான் அசல். ஜான் கோல்ட்ரேனின் 'ப்ளூ ட்ரெயின்' 1957 செப்டம்பர் 15 அன்று பதிவானது. அது கடைக்கு வந்தபோது நிறுவனம் 63வது தெருவுக்குப் போய்விட்டது. எனவே அதற்கு '47 வெஸ்ட் 63' லேபிள்தான் முதல் லேபிள். லீ மோர்கனின் 'தி சைட்வைண்டர்' 1963 டிசம்பர் 21ல் பதிவாகி 1964ல் வெளியானது. அதற்கு 'நியூயார்க் யு.எஸ்.ஏ' தான் அசல்.

"லெக்சிங்டன் லேபிளோட சைட்வைண்டர் இருக்கு, வேணுமா?" என்று யாராவது கேட்டால், திரும்பிப் பார்க்காமல் வந்துவிடலாம். 1957லேயே காலி செய்த முகவரியில் 1964ல் தட்டு வர வாய்ப்பில்லை.

ஆக முதல் கேள்வி, 'லேபிள் பழசா?' என்பதல்ல. 'இந்த ஆல்பம் வெளியான காலத்துக்கு இந்த லேபிள் பொருந்துகிறதா?' என்பதுதான்.

சரி, பொருந்துகிறது. அப்போ வாங்கிடலாமா?

அவசரம் வேண்டாம். இதில் பெரிய சிக்கல் ஒன்று இருக்கிறது.

லேபிள் என்பது தனியாக அச்சகத்தில் அச்சாகி, கட்டுக்கட்டாகத் தொழிற்சாலைக்கு வரும் காகிதம். முகவரி மாறிவிட்டது என்பதற்காக மிச்சமிருந்த கட்டுகளை யாரும் குப்பையில் போடவில்லை. தீரும்வரை பயன்படுத்தினார்கள். அட்டைகளிலும் இதே கதைதான். 1960களின் தொடக்கத்தில் ப்ளூ நோட் அலுவலகம் '43 வெஸ்ட் 61' என்ற முகவரிக்கு மாறியது. அட்டையின் பின்பக்கத்தில் அந்தப் புது முகவரி ஏறிய பிறகும், உள்ளே இருந்த பல தட்டுகளில் '47 வெஸ்ட் 63' லேபிளே தொடர்ந்தது.

ஆகவே லேபிள் சொல்வது காகிதம் அச்சான காலத்தை. தட்டு அச்சான காலம் வேறாக இருக்கலாம். வீட்டில் பழைய முகவரி போட்ட கல்யாணக் கவர்கள் மிச்சமிருந்தால் அடுத்த விசேஷத்துக்கும் அதையே எடுத்துப் பயன்படுத்துவது போலத்தான்.

இந்த இடைவெளியை மூடுவதற்கு இன்னொரு சாட்சி வேண்டும். அந்தச் சாட்சி தட்டிலேயே இருக்கிறது.

தட்டு எப்படித் தயாராகிறது?

இதைப் புரிந்துகொண்டால் மீதி எல்லாம் எளிது. பதிவான ஒலிநாடாவில் இருந்து, மெழுகு போன்ற அரக்குப் பூச்சு கொண்ட ஒரு தட்டில் ஒலிக்கோடுகளை வெட்டுவார்கள். அதன் மேல் உலோகம் பூசி, படிப்படியாக நகலெடுத்து, கடைசியில் 'ஸ்டாம்பர்' எனப்படும் உலோக அச்சு தயாராகும்.

அச்சு இயந்திரத்தில் மேலே ஒரு ஸ்டாம்பர், கீழே ஒரு ஸ்டாம்பர். நடுவில் சூடான வினைல் உருண்டை. உருண்டைக்கு மேலும் கீழும் லேபிள் காகிதம். இயந்திரம் அழுத்தும்போது வினைல் பரவித் தட்டாகும், காகிதம் அதோடு சேர்ந்து பதிந்துவிடும். பசை கிடையாது.

இதனால் இரண்டு விஷயங்கள் நடக்கின்றன. ஒன்று, லேபிளைப் பிய்த்து வேறு தட்டுக்கு மாற்றுவது மிகக் கடினம். செய்தால் தெரிந்துவிடும். இரண்டு, உலோக அச்சில் கீறப்பட்ட ஒவ்வொரு குறியும் தட்டில் அப்படியே விழும். அந்தக் குறிகளை காகிதம் போல மாற்ற முடியாது.

தட்டில் எங்கே பார்க்க வேண்டும்?

கடைசிப் பாட்டு முடிந்த இடத்துக்கும் லேபிளுக்கும் நடுவே பளபளவென்று ஒரு வெற்று வளையம் இருக்கும். சேகரிப்பாளர்கள் இதை 'டெட் வாக்ஸ்' என்கிறார்கள். ப்ளூ நோட் தட்டுகளில் இங்கே மூன்று விஷயங்களைத் தேட வேண்டும்.

காது: நியூ ஜெர்சி மாநிலம் நார்த் பிளெயின்ஃபீல்டில் இருந்த 'பிளாஸ்டிலைட்' என்ற தொழிற்சாலைதான் 1966 வரை ப்ளூ நோட் தட்டுகளை அச்சடித்தது. அந்தத் தொழிற்சாலையின் அடையாளம், சுழித்து எழுதிய ஆங்கில 'பி' எழுத்து. பார்க்க மனிதக் காது மாதிரியே இருக்கும். அதனால் உலகம் முழுக்க இதன் பெயர் 'காது' தான்.

ஆர்.வி.ஜி: ரூடி வான் கெல்டர் என்ற ஒலிப்பதிவாளரின் பெயரின் முதல் எழுத்துகள். பகலில் கண் பரிசோதகர் வேலை. மற்ற நேரத்தில் ஹேக்கன்சாக் ஊரில் தன் பெற்றோர் வீட்டு வரவேற்பறையிலேயே ஜாஸ் மேதைகளைப் பதிவு செய்தார். 1959ல்தான் இங்கிள்வுட் க்ளிஃப்ஸில் தனி ஸ்டூடியோ அமைத்தார். தட்டை வெட்டும் வேலையையும் அவரே செய்தார். ஆரம்பத்தில் 'ஆர்.வி.ஜி' என்று கையால் கீறினார். பிற்பாடு அதையே முத்திரையாகக் குத்தினார். 1960களில் 'வான் கெல்டர்' என முழுப் பெயர் முத்திரையும் வந்தது.

தட்டின் எண்: லேபிளில் உள்ள எண்ணும், இங்கே கீறியிருக்கும் எண்ணும், 'ஏ' அல்லது 'பி' என்ற பக்கக் குறியும் பொருந்த வேண்டும்.

பள்ளமும் விளிம்பும்

டெட் வாக்ஸ் தவிர இன்னும் இரண்டு தடயங்கள் உண்டு.

லேபிளின் மேல் வட்டமாக ஒரு ஆழமான பள்ளம் சில தட்டுகளில் இருக்கும். விரல் நுனியால் தடவினாலே தெரியும். இதற்கு 'டீப் க்ரூவ்' என்று பெயர். இது அழகுக்காகச் செய்தது அல்ல. பழைய அச்சு இயந்திரங்களின் நடுப்பகுதி அச்சு விட்டுச் சென்ற தழும்பு. 1961 வாக்கில் இருந்து இயந்திரப் பாகங்கள் ஒவ்வொன்றாக மாற்றப்பட, பள்ளமும் மறையத் தொடங்கியது. அதனால் ஒரு பக்கம் பள்ளம், மறுபக்கம் இல்லை என்ற தட்டுகளும் உண்டு.

இன்னொன்று விளிம்பு. பிற்காலத் தட்டுகளின் ஓரம் லேசாகத் தடித்து, மேடு தட்டியிருக்கும். லெக்சிங்டன் காலத்து ஆரம்பத் தட்டுகளில் அந்த மேடு இருக்காது. ஓரம் தட்டையாக இருக்கும்.

ஒரு எச்சரிக்கை. பள்ளத்தை மட்டும் பார்த்து முடிவெடுக்கக் கூடாது. பிற்காலத்தில் வந்த சில ஆடம்பர மறுவெளியீடுகளில், பழைய லேபிள் முகவரியோடு பள்ளத்தையும் சேர்த்தே வேண்டுமென்றே நகல் செய்திருக்கிறார்கள். அவை போலி அல்ல, முறையான வெளியீடுகள்தான். ஆனால் அறியாதவர் கையில் 'அசல்' என்று விற்கப்படும் ஆபத்து உண்டு.

உதாரணம் 1: சைட்வைண்டரும் காதும்

'தி சைட்வைண்டர்' யாரும் எதிர்பார்க்காத ஹிட். திரும்பத் திரும்ப அச்சடிக்கப்பட்டது. இன்று சந்தையில் 'நியூயார்க் யு.எஸ்.ஏ' லேபிளோடு இரண்டு வகைத் தட்டுகள் கிடைக்கின்றன. லேபிள் ஒன்றுதான். ஒன்றில் காது இருக்கும். மற்றொன்றில் இருக்காது.

காது உள்ளது, பிளாஸ்டிலைட் தொழிற்சாலையில் 1966க்குள் அச்சானது. காது இல்லாதது, லிபர்ட்டி நிறுவனம் பொறுப்பேற்ற பிறகு, மிச்சமிருந்த பழைய லேபிள்களைப் பயன்படுத்தி வேறு தொழிற்சாலையில் அச்சடித்தது. லேபிளை மட்டும் படம் எடுத்துப் போட்டால் இரண்டும் இரட்டைப் பிள்ளைகள். காதைப் பார்த்தால்தான் யார் எவர் என்று தெரியும்.

இதற்கும் ஒரு விதிவிலக்கு உண்டு. லிபர்ட்டி காலத்தில் முதன்முதலாக வெளியான ஆல்பங்களில் காது இருக்காது. அவற்றுக்கு அதுவே அசல். மறுபடியும் அதே பாடம்தான்: அந்த ஆல்பம் வெளியான காலத்துக்கு எது பொருத்தமோ அதுவே சரி.

உதாரணம் 2: ஒரே தட்டில் இரண்டு முகவரி

தொடக்கத்தில் பார்த்த ஹேங்க் மோப்லி ஆல்பத்துக்கு வருவோம். அதன் எண் 1568. இதில் சேகரிப்பாளர்கள் முதல் அச்சு என்று ஏற்கும் தட்டில், ஒரு பக்க லேபிளில் 'நியூயார்க் 23' என்றும், மறுபக்கத்தில் 'என்.ஒய்.சி' என்றும் இருக்கிறது.

முதன்முறை பார்ப்பவருக்கு "ஏதோ தப்பா ஒட்டிட்டாங்க, இது டுப்ளிகேட்" என்றுதான் தோன்றும். ஆனால் அந்தப் பொருத்தமின்மைதான் இங்கே அடையாளம். ஒரு லேபிள் வடிவத்தில் இருந்து இன்னொன்றுக்கு மாறிக்கொண்டிருந்த சமயத்தில் அச்சான தட்டு அது. இரண்டு பக்கமும் ஒரே மாதிரி 'நியூயார்க் 23' என்று ஒழுங்காக இருப்பதைத்தான் இந்த ஆல்பத்தில் பிந்தைய அச்சாகக் கருதுகிறார்கள்.

இப்படி ஒவ்வொரு ஆல்பத்துக்கும் தனித்தனி நுணுக்கங்கள் இருப்பதால், நியூயார்க்கில் 'ஜாஸ் ரெக்கார்ட் சென்டர்' கடையை நடத்திய ஃபிரெட் கோஹன், ப்ளூ நோட் அசல் அச்சுகளை அடையாளம் காண்பதற்காகவே ஒரு முழுப் புத்தகம் எழுதினார். 2010ல் வெளியான அந்தப் புத்தகம்தான் இன்று பல சேகரிப்பாளர்களின் கையேடு.

மற்ற நிறுவனங்களிலும் இப்படித்தானா?

ஆமாம். தடயங்கள் மாறும், முறை மாறாது.

'பிரஸ்டீஜ்' நிறுவனத்தின் மஞ்சள் லேபிளில் முதலில் நியூயார்க்கின் 50வது தெரு முகவரி இருந்தது. 1950களின் இறுதியில் அது நியூ ஜெர்சியின் பெர்கன்ஃபீல்டு என்று மாறியது. 1960களில் திரிசூலச் சின்னத்தோடு நீல லேபிள் வந்தது. 'ரிவர்சைடு' நிறுவனத்தில் ஆரம்ப லேபிள் வெள்ளை, அடுத்தது நீலம்.

பெரிய நிறுவனமான 'கொலம்பியா'வில் கண்களை எண்ண வேண்டும். லேபிளில் கண் போன்ற ஆறு சின்னங்கள் இருந்தால் 1962 வாக்குக்கு முந்தையது. இரண்டு கண் இருந்தால் அதற்குப் பிந்தையது.

மைல்ஸ் டேவிஸின் புகழ்பெற்ற 'கைண்ட் ஆஃப் ப்ளூ' 1959 ஆகஸ்ட் 17ல் வெளியானது ஆறு கண் லேபிளில்தான். இதன் தொடக்கப் பிரதிகளில் இன்னொரு வேடிக்கையும் உண்டு. இரண்டாம் பக்கத்தில் உள்ள 'ஆல் ப்ளூஸ்', 'ஃபிளமெங்கோ ஸ்கெட்சஸ்' ஆகிய இரண்டின் பெயர்களும் இடம் மாறி அச்சாகிவிட்டன. லேபிளை நம்பிக் கேட்டவர்கள் ஒன்றை இன்னொன்று என்று நினைத்தே ரசித்திருப்பார்கள். அச்சுப் பிழை திருத்தப்பட்ட பிறகு, பிழையுள்ள பிரதியே சேகரிப்பாளர்களுக்குப் பொக்கிஷமாகிவிட்டது.

ஆன்லைனில் வாங்குறீங்களா? இதைக் கேளுங்கள்

தட்டை நேரில் பார்க்க முடியாதபோது விற்பவரிடம் இந்தப் படங்களைக் கேட்டு வாங்குவது நல்லது.

1. இரண்டு பக்க லேபிளும் தனித்தனியாக, முகவரி படிக்கும்படி. ஒரு பக்கம் மட்டும் போதாது.

2. இரண்டு பக்க டெட் வாக்ஸ். விளக்கைச் சாய்வாகப் பிடித்து எடுத்தால் காதும் ஆர்.வி.ஜி குறியும் தெரியும். நேராக ஃபிளாஷ் அடித்தால் எல்லாம் மறைந்துவிடும்.

3. லேபிளில் பள்ளம் இருக்கிறதா என்பது தெரியும்படி பக்கவாட்டில் ஒரு படம்.

4. தட்டின் விளிம்பு.

5. அட்டையின் பின்பக்கம், கீழே உள்ள முகவரியோடு. லேபிளை மாற்றுவதுதான் கடினம், அட்டையை மாற்றுவது மிக எளிது. அசல் அட்டைக்குள் பிற்காலத் தட்டைச் செருகி விற்பது பழைய தந்திரம். தெரியாமலே அப்படிச் சேர்ந்துவிட்டவையும் உண்டு.

6. எண்ணுக்கு முன் உள்ள எழுத்துகள். 'பி.எல்.பி' என்றால் மோனோ, 'பி.எஸ்.டி' என்றால் ஸ்டீரியோ. 1950களின் மோனோ பதிவுகளை லிபர்ட்டி காலத்தில் மின்னணு முறையில் ஸ்டீரியோ போல மாற்றியும் வெளியிட்டார்கள். அதில் அசல் ஒலியை எதிர்பார்க்க முடியாது.

"காது இருக்கா?" என்று கேட்டதும் விற்பவர் பதில் சொல்லாமல் பேச்சை மாற்றினால், அதுவே ஒரு பதில்தான்.

வீட்டுப் பெட்டியில் இருந்து எடுத்து விற்பவர்களுக்கும் இதே பட்டியல் பொருந்தும். ஒரு காது, ஒரு முகவரி என்னவென்று தெரியாததால், ஆயிரக்கணக்கான டாலர் மதிப்புள்ள தட்டு ஒரு காபி விலைக்குக் கைமாறிவிட வாய்ப்பு உண்டு.

கேட்பதற்கு முதல் அச்சுதான் வேண்டுமா?

கட்டாயம் இல்லை. ரசிகர்கள் கவனிக்க வேண்டிய விஷயம் இது.

காது இல்லாத லிபர்ட்டி தட்டு ஒன்றில் 'வான் கெல்டர்' முத்திரை இருந்தால், அது அவரே வெட்டிய மூலத்தில் இருந்து வந்தது என்று அர்த்தம். ஒலி அசலுக்கு மிக நெருக்கமாக இருக்கும், விலையோ பல மடங்கு குறைவு. 1970களின் யுனைடெட் ஆர்ட்டிஸ்ட்ஸ் தட்டுகளிலும் இந்த முத்திரையோடு சில கிடைக்கின்றன. லேபிள் மோகத்தில் இருப்பவர்கள் ஒதுக்கிவிட்டுப் போகும் தட்டுகள் இவை.

இன்னொரு பக்கம், முதல் அச்சு என்றாலே சரியானது என்றும் சொல்லிவிட முடியாது. 'கைண்ட் ஆஃப் ப்ளூ' பதிவின்போது முதல் பக்கத்துக்கான ஒலிநாடா இயந்திரம் சற்று மெதுவாக ஓடியிருக்கிறது. அதனால் தட்டில் அந்த இசை கொஞ்சம் வேகமாகவும், சுருதி சற்று ஏறியும் ஒலித்தது. 1990களில்தான் அந்தப் பிழை சரிசெய்யப்பட்டது. அதாவது பல ஆயிரம் கொடுத்து வாங்கும் ஆறு கண் பிரதியில் சுருதி தவறு. சாதாரண விலையில் கிடைக்கும் பிந்தைய மறுவெளியீட்டில் சுருதி சரி.

வாங்குவது கேட்பதற்கா, சேகரிப்பதற்கா என்பதை முதலில் முடிவு செய்துகொண்டால் பாதி ஏமாற்றம் குறையும்.

இந்தப் பணம் யாருக்குப் போகிறது?

கடைசியாக ஒரு கேள்வி. ஒரு தட்டு பல ஆயிரம் டாலருக்கு விற்கிறதே, அதை வாசித்தவருக்கு என்ன கிடைத்தது?

பழைய தட்டு கைமாறும்போது கிடைக்கும் பணம் விற்பவருக்கு மட்டுமே. கலைஞருக்கோ குடும்பத்துக்கோ அதில் பங்கு இல்லை. ஹேங்க் மோப்லி 1986ல் 55 வயதில் இறந்தார். கடைசி ஆண்டுகளில் உடல்நலம் குன்றி, வறுமையில் தங்க இடமில்லாமலும் தவித்தவர். 'கூல் ஸ்ட்ரட்டின்' ஆல்பத்தைத் தந்த பியானோ கலைஞர் சோனி கிளார்க் 1963ல் இறந்தபோது வயது 31. அந்த ஆல்பத்தின் முதல் அச்சும் இன்று பெரும் விலை போகும் தட்டுகளில் ஒன்று.

நிறுவனத்தை உருவாக்கிய ஆல்ஃபிரட் லயன் 1967ல் ஓய்வு பெற்றார். ஃபிரான்சிஸ் உல்ஃப் 1971ல் காலமானார். இப்போது ப்ளூ நோட் பெயர் யுனிவர்சல் குழுமத்திடம் இருக்கிறது.

லெக்சிங்டன் அவென்யூவிலும் 63வது தெருவிலும் இருந்த அந்தச் சின்ன அலுவலகங்கள் எப்போதோ காலியாகிவிட்டன. எந்த முகவரியில், எந்தத் தொழிற்சாலையில், யார் கையால் வெட்டி அந்த இசை வெளியே வந்தது என்ற விவரம் மட்டும் தட்டின் நடுவே பொடி எழுத்தில் இன்னும் இருக்கிறது. அடுத்த முறை ஒரு பழைய ரெக்கார்டு கையில் கிடைத்தால், ஊசியை வைப்பதற்கு முன் விளக்கடியில் ஒருமுறை சாய்த்துப் பாருங்கள். காது தெரியலாம்.